மதகு கேசட்

நம் வயதுக்காரர்கள் யாரும் சிரிக்கக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தலை பாதி நரைத்த பெண்பிள்ளை ஒருத்தி, வீடியோ கேம் காணாமல் போய்விட்டது என்று யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். என் மகளே சிரித்தாள். அவள் இந்தக் காலத்துப் பிள்ளை, விட்டுவிடுவோம். உங்களுக்குக் கேசட் தெரியும். அதன் அடிவாயில் ஊதி, பெட்டியில் வைத்து அழுத்தி, டிவியில் படம் வருகிறதா வெறும் புள்ளி வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாம். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் புத்தூரிலிருந்து நகரி போகிற பக்கம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், அடி வாங்கும்போது இரண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தார். எனக்குப் பத்து வயது நடக்கும்போது முதல் லீவில் வந்தார். கயிறு போட்டுக் கட்டிய பெட்டியை நடுவீட்டில் வைத்துப் பிரித்தபோது சோப்பு, தைலம், ஆரஞ்சுப் பொடி எல்லாம் கலந்து ஒரு வாசனை வந்தது. அதுதான் குவைத்தின் வாசனை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சேலை, அத்தைக்குப் போர்வை. நைனாவின் அக்காவான அந்த அத்தை வெதுருகுப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவர் பஸ் ஏறி வந்து சொன்னால்தான் முடிவு. எனக்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கறுப்பு மிஷின், பிடித்து ஆட இரண்டு குச்சிகள், ஒரே ஒரு கேசட்.

கேசட்டின் மேல் ஒட்டியிருந்த எழுத்து எந்த நாட்டு எழுத்தோ, ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஆட்டம் என்னவோ எங்களுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. ஒரு படகு ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே மேலே போகும். வழி நெடுக மதகுகள். ஒருவர் படகை ஓட்ட வேண்டும், இன்னொருவர் சரியான நேரத்தில் மதகைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை என்றால் படகு மோதி உடையும். ஆற்றின் தலையில் ஒரு ஏரி இருந்தது. திரையின் மூலையில் அந்த ஏரியின் சின்னப் படம் எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். நைனா சின்ன வயதில் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சியவர், மதகு வேலை அவரிடம்தான். படகு என்னிடம்.

"மதகு, மதகு, நைனா" என்று நான் கத்துவேன்.

"தொறந்துக்கினேதான் இருக்கறன், நீ நேரா ஓட்டு கண்ணு" என்பார்.

அந்த லீவு முழுக்க அப்படித்தான் போனது. பக்கத்து வீட்டார் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்ப்பார்கள். அம்மா சோற்றுத் தட்டை எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறிப் போச்சின்னா நான் சூடு பண்ண மாட்டன்" என்று சொல்லி, பிறகு சூடு பண்ணித் தருவாள். கரண்ட் போனால் ஆட்டம் முதலிலிருந்து. எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? ஏரிக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை.

திரும்பிப் போகிற அன்று, பஸ் நிற்கிற புளியமரத்தடியில் நைனா குனிந்து என் காதோடு சொன்னார். "அது உன்னுது. யாரு கேட்டாலும் குடுக்காத. நான் வந்தப்பறம் நீயும் நானும் ஏரிக்கு போலாம்." வீட்டுக்கு வந்ததும் என் நகப்பூச்சை எடுத்துக் கேசட்டின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். என்னுடையது என்பதற்கு அதுதான் அடையாளம். பழைய துணியில் சுற்றி பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த ஆடியில் குவைத்தில் சண்டை என்று ரேடியோவில் சொன்னார்கள். அதோடு நைனாவிடமிருந்து கடிதம் நின்றது. அந்த நாட்களைப் பற்றி எனக்கு நினைவிருப்பதெல்லாம் ரேடியோவின் கரகரப்பும், அம்மா அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்த முதுகும்தான். யார் வீட்டு ஆள் திரும்பி வந்தாலும் அம்மா ஓடுவாள். ஒருத்தர் பாலைவனத்தில் லாரியில் பார்த்தேன் என்பார், இன்னொருத்தர் அது வேறு ஆள் என்பார். நான் கேசட்டை எடுத்து, ஒரு குச்சியைக் கையிலும் இன்னொன்றைக் கால் விரல்களுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டு தனியாக ஆடுவேன். படகு முதல் மதகிலேயே உடைந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு வாசலில் திருப்பதி மலை இருக்கிற திசையைப் பார்த்து நின்றாள். கழுத்துச் செயினைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி வேண்டிக்கொண்டாள். "அந்தாளு உயிரோட வந்துட்டா இந்தச் செயின உன் உண்டியல்ல போடறன்டா சாமி. எம் பொண்ணுக்கு மொட்ட போடறன்." அவள் தாய்வீட்டில் போட்ட செயின் அது ஒன்றுதான். மொட்டைக்கு நான் அப்போதே மனதுக்குள் சம்மதித்துவிட்டேன்.

நைனா வந்தார். கட்டின லுங்கியும் ஒரு பையும்தான். தாடி வைத்து, பாதியாக இளைத்து, வாசலில் நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு நான் அழுத அழுகை சந்தோஷ அழுகை. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது.

அப்புறம் அத்தை பஸ் ஏறி வந்தார். பெரியவர்கள் மூன்று பேரும் உள்ளே பேசினார்கள். என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டுப் பேசினார்கள். குடத்தோடு திரும்பி வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது, நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வர்ற வெள்ளிக்கெழம மலைக்கு போறம்டி. மொட்டையில நீ அழகா இருப்ப" என்றார்.

மலையில் மொட்டை போடுகிறவர் தெலுங்கில் ஏதோ கேலி பேசிக்கொண்டே வழித்தார். தண்ணீர் காதுக்குள் போனது. நைனாவுக்கும் மொட்டை. இரண்டு பேரும் ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்த்துச் சிரித்தோம். வரிசையில் கம்பிக்கு நடுவில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம், அம்மா புளிசாதத்தைப் பிரித்துக் கொடுத்தாள். எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். திட்டே இல்லை. அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

சாமி கண்ணில் பட்டதும் படாததுமாக "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளிவிட்டார்கள். உண்டியலுக்கு வந்தோம். வெள்ளைத் துணி சுற்றிய பெரிய கொப்பரை, சுற்றிலும் நூறு கைகள். அத்தை மடியிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த ஒரு மூட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"உங்கம்மா செயினு. பொட்டியோட கட்டியிருக்குது. உன் கையால போடு, சாமிக்கு அதான் புடிக்கும்."

நைனா என்னை இடுப்பில் பிடித்து மேலே தூக்கினார். எல்லோர் தலைக்கும் மேலே இருந்தேன். கர்ப்பூர வாசனையும் வேர்வை வாசனையும் கீழே இருந்து வந்தன.

"கனமா கீது நைனா" என்றேன்.

"பேசாம போடு கண்ணு" என்றார்.

போட்டேன். தங்கம் விழுந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. சில்லறையின் மேல் 'டொக்' என்று விழுந்தது. கீழே இறங்கியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மாவின் செயினை நான் கொடுத்தேன், அதனால் நைனா இனி எங்கேயும் போக மாட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. லட்டு துன்னுகினே வந்தேன் என்று எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால்தான் அந்த ருசி உங்களுக்குப் புரியும்.

வீட்டுக்கு வந்த மறுநாள், பகல் கரண்ட் வந்ததும் நைனாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வா நைனா, ஏரிக்கு போலாம்." அவர், "தல வலிக்குது, அப்பறம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உள்ளே பழைய துணி மட்டும் இருந்தது.

வீடு முழுக்கத் தேடினேன். அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தேன். அம்மா கிணற்றடியில் குனிந்து வாளியைத் தூக்கினாள். முந்தானை விலகியது. கழுத்தில் செயின் ஆடியது.

எனக்கு அப்போது எதுவும் சட்டென்று விளங்கவில்லை. செயினைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன், அந்தக் கனத்தை நினைத்தேன். அதற்கப்புறம் நான் கத்திய கத்தலில் தெருவில் ஆள் கூடிவிட்டது. அத்தைதான் வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்து, ஒளிக்காமல் சொன்னார்.

"கையில காலணா இல்லாம வந்து நிக்கறான் உங்க நைனா. செயின போட்டுட்டா நாளைக்கி எத வெச்சி பொழைக்கிறது? ஊட்ல எது ஒசத்தியோ அத போட்டா சாமி ஏத்துக்கும். ஃபாரின் பொருளு, தங்கத்துக்கு சமானம்."

"அது என்னுது."

"அதனாலதான்டி உன் கையால போட வெச்சம். ஒருத்தர் பொருள இன்னொருத்தர் போட்டா செல்லாது."

இந்த நியாயத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது என்னுடையது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சாமியின் முன்னால் அந்த உரிமையை மதித்து, முறை தவறாமல், என் கையாலேயே போட வைத்திருக்கிறார்கள். சாமியை ஏமாற்ற அவர்களுக்குப் பயம். என்னை ஏமாற்ற ஒரு பயமும் இல்லை. முடியைக் கேட்டிருந்தார்கள், கொடுத்தேன். இதையும் கேட்டிருந்தால் அழுதுகொண்டாவது கொடுத்திருப்பேனோ என்னவோ, அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

அம்மா ஈரக் கையோடு வந்து என் முன்னால் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "உன் நைனாவ விட அந்த டப்பா பெருசாடி?" இப்படிக் கேட்டால் ஒரு குழந்தை என்ன பதில் சொல்லும்? நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அத்தை சொன்னதைவிட, அம்மா கேட்டதைவிட, அந்த முதுகின் மேல்தான் எனக்குக் கோபம். என்னைத் தூக்கிப் பிடித்த கை அவருடையது.

செயினும் நிலைக்கவில்லை. அடுத்த மாதமே அது அடகுக்குப் போய் ஒரு பழைய ஆட்டோவாக மாறியது. நாங்கள் திருப்பதிக்குக் குடிவந்தோம். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்து அலிபிரிக்கு நைனா ஆட்டோ ஓட்டினார். மூடியிருந்த ஜன்னலையெல்லாம் நாடு திறந்துகொண்டிருந்த காலம் அது. திருப்பதிக் கடைத்தெருவில் கலர் டிவியும், வெளிநாட்டுச் சாக்லேட்டும், மஞ்சள் நிறக் கேசட்டுகளும் வந்து குவிந்தன.

உண்டியலில் விழும் பொருட்களை அப்புறம் ஏலம் விடுவார்கள் என்று பள்ளியில் ஒரு பெண் சொன்னாள். போதாதா எனக்கு? என் கேசட்டும் ஏலத்துக்கு வந்து, எவராவது எடுத்து, ஏதாவது கடைக்கு வந்துதானே ஆக வேண்டும்? பள்ளி விட்டதும் கேசட் கடைகளாக ஏறி இறங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் புள்ளி தேடுவேன். ஒரு கடைக்காரர், தெலுங்குக்காரர், ரொம்பப் பொறுமைசாலி. எதையும் வாங்காத என்னைத் துரத்தாமல், புதிதாகச் சரக்கு வந்தால் அவரே எடுத்துப் போட்டு, "சூடம்மா, நீதி உந்தா இந்துலோ?" என்பார். பார், உன்னுடையது இருக்கிறதா என்கிறார். இருக்காது. ஆனால் இருக்கக்கூடும் அல்லவா? ஒரு பொருளுக்கு உடம்பு இருக்கிறவரை அது எங்கேயாவது இருந்தே தீரும். அந்த நம்பிக்கையில்தான் நான் வளர்ந்தேன்.

நானும் கல்யாணமாகி இதே ஊரில் நிலைத்துவிட்டேன். அந்தக் கடை கேசட் கடையாக இருந்து, சிடி கடையாகி, பளபளக்கும் டிஸ்க் விற்று, கடைசியில் போன் உறை தொங்கும் கடையாகிவிட்டது. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது கடைக்காரரின் மகன் இருந்தார். கேம் டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அதையெல்லாம் யார் வாங்குகிறார்கள், எல்லாம் டவுன்லோடுதானே மேடம் என்று சிரித்தார். கண்ணாடிப் பெட்டி மட்டும் அதே பெட்டி.

டிஸ்க் ஏன் கேட்டேன் என்றால், அம்மா போன பிறகு நைனா என்னோடுதான் இருக்கிறார். பக்கவாதம் வந்து வலது கை விரல்கள் மந்தமாகிவிட்டன. விரலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லி டாக்டர் ரப்பர் பந்து கொடுத்தார். நைனா அதைத் தூக்கி எறிந்துவிட்டார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகள்தான் ஒரு கேம் மிஷின் வாங்கி அனுப்பினாள். டிஸ்க் போட அதில் இடமே இல்லை என்று அப்புறம்தான் பார்த்தேன். "எதுவா இருந்தாலும் அதுக்குள்ளயே வாங்கிக்கலாம்மா" என்றாள்.

ஒரு மத்தியானம் அதிலிருக்கும் கடையைப் புரட்டிக்கொண்டே போனேன். பழைய ஆட்டங்கள் என்ற பகுதியில் அந்தப் படகு நின்றது. அதே படகு, அதே ஆறு, மூலையில் அதே ஏரி. பணம் கட்டி, கீழே நீளமாக என்னவோ எழுதியிருந்ததைப் படிக்காமல் சம்மதம் என்று அழுத்தினேன்.

நைனா திரையைப் பார்த்தார். "மதகு எதுல தொறக்கறது?" என்றார். பொத்தானைக் காட்டினேன். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்களுக்கு அதுதான் வேலை. முதலில் படகு உடைந்துகொண்டே இருந்தது. போகப் போக அவருடைய கட்டைவிரல் வழிக்கு வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதால் கரண்ட் பயமும் இல்லை. பழைய கதையை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஏரியில் போய்ச் சேர்ந்தால் அந்த மஞ்சள் துணியை மறந்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு இன்னும் இரண்டே மதகுகள் இருந்தன.

இடி இடித்த ஒரு நாளில் மிஷின் அணைந்துபோனது. ரிப்பேர் கடையில் உள்ளே எதையோ மாற்றிக் கொடுத்தார்கள், மிஷின் பிழைத்தது, அதிலிருந்த ஆட்டம் அழிந்துவிட்டது. ஆட்டத்தைத் திரும்ப இறக்கலாம் என்று போனால், படகு நின்ற இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். இது இப்போது கிடைக்காது என்று எழுதியிருந்தது. மகளுக்குப் போன் செய்தேன்.

"அந்த பழைய கேமெல்லாம் அவங்க நிறுத்திட்டாங்கம்மா."

"நான் காசு குடுத்து வாங்கினதுடி."

"நீ அத வாங்கல. வெளையாட பர்மிஷன் வாங்கின, அவ்ளோதான். நீயேதான் அக்ரீ குடுத்திருப்ப." அங்கேதான் அவள் சிரித்தாள்.

இதற்கு எந்த ஏலம் வரும்? எந்தக் கண்ணாடிப் பெட்டியில் நான் போய்ச் சிவப்புப் புள்ளி தேடுவது? என்னிடமிருந்து முதல் முறை பறித்தவர்களுக்கு அதை மடியில் வைத்து மறைக்க வேண்டியிருந்தது, மலை வரைக்கும் சுமக்க வேண்டியிருந்தது, என் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிப் படுக்க வேண்டியிருந்தது. இவர்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

நைனாவிடம் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவரே கேட்டார். சாப்பாடு முடிந்து, வழக்கம்போலக் கண்ட்ரோலரைக் கையில் வாங்கிக்கொண்டு, வெறும் திரையைப் பார்த்தார்.

"எங்கம்மா நம்ம மதகு?"

"போயிடுச்சி நைனா. எடுத்துக்கினாங்க."

"யாரு?"

"கம்பெனிக்காரங்க."

"உன்ன கேட்டாங்களா?"

"கேக்கல."

அவருக்குக் கோபம் வந்தது. கோணிய வாயோரத்தில் எச்சில் தெறிக்கப் பேசினார். "நல்லா கீதே நாயம். உன் பொருளு அது. உன்ன ஒரு வார்த்த கேக்காம எப்பிடி எடுப்பாங்க? நீயும் சும்மா உட்டுட்டியா?"

இந்தக் கேள்வியை யாராவது ஒருத்தர் கேட்க வேண்டும் என்று நான் பத்து வயதிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். இவர் வாயிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை.

"நானேதான் நைனா போட்டன்" என்றேன். "உள்ள இன்னா கீதுன்னு தெரியாம, என் கையாலயே போட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஆட்டோ அலிபிரிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டு போனது.

"கனமா கீதுன்னு சொன்ன நீ" என்றார் மெதுவாக. "நான்தான் பேசாம போடுன்னன்."

ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தபடி, வழிக்கு வந்திருந்த கட்டைவிரலால் மதகுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். படகு என் பக்கம். நான் என் கண்ட்ரோலரைக் கையில் எடுக்கவில்லை.